ஆணி வேணாம் மச்சான்

மச்சான்,

உன் லெட்டர் கெடச்சுது. அம்மாவுக்கு ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுன்னு படிச்சப்புறம் தான் எனக்கு நிம்மதி, கொஞ்சம் நடமாட ஆரம்பிச்சதும் எங்கிட்ட பேசச் சொல்லு. இங்க எல்லாரும் நல்லா இருக்கோம். நான் உருட்டுக் கட்டைலயே வெளிய போட்டு உக்கார்ற மாதிரி ஒரு பெஞ்ச் முடிச்சுட்டேன்டா, ஆணி இல்ல, ஸ்க்ரூ இல்ல, கோந்து கூட இல்ல, மூணு பேர் சேர்ந்து உக்காந்தாலும் அசையல.

தோட்டத்துல வெட்டிப் போட்ட கிளைய வச்சு ஸ்க்ரூ அடிச்சு நாற்காலி பண்ணிடலாமான்னு கேட்டிருந்த. தயவுசெஞ்சு வேணாம். வெளிய கெடக்கற மரம் மழைல ஊதும், வெயில்ல சுருங்கும், ஸ்க்ரூ மட்டும் அப்படியே இருக்கும், அதனால ஓட்டை கொஞ்சம் கொஞ்சமா பெருசாகி கால் ஆட்டம் காண ஆரம்பிச்சுடும், போதாக்குறைக்கு துரு வேற.

கால்ல துளை போட்டு, கால்கள இணைக்கற குறுக்குக் கட்டையோட நுனிய உருளையா செதுக்கி (அதத்தான் முளைன்னு சொல்றது) அதுல சொருகறது தான் இதுக்கு சரி. கால் கட்டை லேசா ஈரமா இருக்கணும், குறுக்குக் கட்டை நல்லா காஞ்சிருக்கணும், இதுல தான் மொத்த சூட்சுமமும் இருக்கு. காஞ்ச முளை கால்ல இருக்கற ஈரத்த இழுத்து ஊதும், அதே நேரம் கால் காஞ்சு சுருங்கி முளைய ரெண்டு பக்கமும் நெரிக்கும். மரம் நீளவாக்குல சுருங்கறது கிட்டத்தட்ட இல்லவே இல்ல, குறுக்குவாக்குல தான் சுருங்கும், அதனால வட்டமா போட்ட துளை காயக் காய நீள்வட்டமா மாறிடும். இத மொதல்ல கண்ணால பாத்தப்ப எனக்கு அவ்ளோ சந்தோஷம்டா, நாம கைய எடுத்தப்புறமும் மரம் தானா வேலை செஞ்சுட்டு இருக்கு. அதுக்காக சொட்டச் சொட்ட பச்சையா இருக்கற கட்டைய காலுக்கு எடுத்துடாத, காயும்போது வெடிச்சுடும். துளையோட அகலமும் கால் தடிமன்ல பாதிய தாண்ட வேணாம்.

முளை அந்தப் பக்கம் வெளிய வர்ற மாதிரி இருந்தா நுனில ஒரு கீறு போட்டு ஆப்பு அடி. இதுல மட்டும் கவனமா இரு, ஆப்போட அகலம் காலோட நாருக்கு குறுக்க இருக்கணும், நார் போற திசைலயே வச்சு அடிச்சா காலே ரெண்டா பிளந்துடும். கொட்டாப்புளியால, அதான் மரச் சுத்தியலால, தட்டும்போது சத்தம் மாறும் பாரு, டொக்டொக்னு இருந்தது கெட்டியா கேக்கும், அங்கயே நிறுத்திடு.

பட்டைய மொத்தமா உரிச்சுடு, பட்டையோட இருந்தா பாக்க அழகு தான், ஆனா அடியில ஈரம் தங்கி பூச்சி குடியேறிடும். வெட்டு முனை ரெண்டுலயும் மெழுகோ பழைய பெயிண்டோ பூசு, ஈரம் முனை வழியா தான் வேகமா போகும், அங்க தான் வெடிப்பும் விழும். சின்னக் கிளைல பெரும்பாலும் வெள்ளைமரம், அதாவது வெளிப்பக்கத்து இளமரம் தான் இருக்கும், உள்ள வைரம் பாஞ்சு கெட்டியாகியிருக்காது, அத குறுக்குக் கட்டைக்கு வச்சுக்கோ, காலுக்கு தடியானத தேடு. முடிச்சப்புறம் கால மண்ணுல நேரா வைக்காம அடியில தட்டைக் கல்லு போடு.

எந்த மரம், எவ்ளோ தடிமன், எப்ப வெட்டினதுன்னு எழுது, முடிஞ்சா வெட்டு முனைய ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. உளி உங்கிட்ட இருக்கும், துளை போடற பெரிய பிட்ட நான் வரும்போது கொண்டு வர்றேன், அதுவரைக்கும் குறுக்குக் கட்டைய மட்டும் நிழல்ல காத்தோட்டமா அடுக்கி வை.