கூட்டிணைவு வேறு, அந்தரங்கம் வேறு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தனிப்பட்ட செய்திப் பரிமாற்றச் செயலிகளைப் பற்றித் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். ஒரே நிறுவனத்தின் சர்வர்களில் இயங்கும் செயலிகளைவிட, பலர் தனித்தனியே நடத்தும் சர்வர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் கூட்டிணைவு முறைதான் அந்தரங்கத்துக்குப் பாதுகாப்பானது என்று கட்டுரையாளர் ஐயத்துக்கு இடமின்றி எழுதியிருந்தார். அத்தகைய கூட்டிணைவுக்கான நெறிமுறைகளில் (அதாவது, கணினிகள் தமக்குள் பேசிக்கொள்வதற்கான பொது விதிமுறைகளில்) ஒன்றான எக்ஸ்எம்பிபியில் இயங்கும் சிறிய சர்வர் ஒன்றை நண்பர்கள் முப்பது பேருக்காகத் தொடங்கி, ஏழு ஆண்டுகளாக நடத்திவருபவன் நான். ஆகவே கூட்டிணைவின் மீது எனக்குள்ள பற்று கட்டுரையாளருடையதற்குக் குறைந்ததல்ல. அந்தப் பற்றோடேயே சொல்கிறேன்: அவர் காட்டிய காரணம் தவறானது.

என் சர்வரில் நான் கண்டதையே முதலில் சொல்லிவிடுகிறேன். செய்திகள் தாமதமாகப் போய்ச் சேர்வதாக ஒருமுறை புகார் வந்தது. காரணம் தேடி, நள்ளிரவில் சர்வரின் பதிவுக் கோப்பைத் திறந்தேன். செய்திகள் முனைக்கு முனை மறையாக்கம் செய்யப்பட்டிருந்ததால், அதாவது அனுப்பியவரும் பெறுபவரும் மட்டுமே படிக்கும்படி பூட்டப்பட்டிருந்ததால், அவற்றில் ஓர் எழுத்தைக்கூட என்னால் படிக்க முடியவில்லை. ஆனால் யார், யாருக்கு, எந்த நொடியில், எவ்வளவு பெரிய செய்தியை அனுப்பினார் என்பது வரிவரியாகக் கிடந்தது. பேச்சுவார்த்தையே அற்றுப்போய்விட்டது என்று நண்பர் வட்டம் முழுவதும் நம்பியிருந்த இருவர், இரவு ஒரு மணிக்குமேல் நாள்தவறாமல் பேசிக்கொண்டிருந்தது தேடாமலேயே என் கண்ணில் பட்டது. அன்றே பழைய பதிவுகளை அழித்தேன். இனி அவ்வளவு விவரம் பதிவாகாதபடி அமைப்பையும் மாற்றினேன். அழித்தேன் என்பதற்கு என் வாய்ச்சொல்லைத் தவிர அவர்களுக்கு வேறு சான்று கிடையாது. முகம் தெரியாத ஒரு நிறுவனம் இதை அறிந்திருப்பதைவிட, அடிக்கடி நேரில் சந்திக்கும் நண்பன் அறிந்திருப்பது எவ்வகையில் மேல் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. சொல்லப்போனால், நண்பனுக்குத் தெரிவதுதான் பலருக்குக் கூடுதல் சங்கடம்.

என் கவனக்குறைவு மட்டும் இதற்குக் காரணமல்ல. முறையின் அமைப்பே அப்படிப்பட்டது. ஒரு சர்வரில் உள்ளவர் இன்னொரு சர்வரில் உள்ளவருக்கு எழுதும்போது, அனுப்புநர், பெறுநர், நேரம் ஆகிய விவரங்கள் இரண்டு சர்வர்களுக்கும் தெரிந்தாக வேண்டும். 2014-இல் தொடங்கப்பட்ட மேட்ரிக்ஸ் நெறிமுறை இதில் இன்னும் ஒரு படி மேலே போகிறது. அதில் ஒரு குழுவின் உரையாடல் வரலாறு, அந்தக் குழுவில் உறுப்பினர்களைக் கொண்ட ஒவ்வொரு சர்வருக்கும் நகலாகப் போய்ச் சேர்கிறது. செய்தி மறையாக்கப்பட்டிருந்தாலும் உறுப்பினர் பட்டியல், குழுவின் பெயர் போன்றவை சர்வர்கள் படிக்கக்கூடிய வடிவிலேயே இருந்துவந்திருக்கின்றன. அனுப்பியதை அழிக்க நினைத்தால், மற்ற சர்வர்களிடம் அழிக்கும்படி கேட்டுக்கொள்ளத்தான் முடியும். அவை கேட்டுநடக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. பத்துச் சர்வர்களில் ஒன்றை ஒழுங்காகப் பராமரிக்காவிட்டாலும் கசிவுக்கு அது போதும்.

மறுபுறம், மையப்படுத்தப்பட்ட சிக்னல் செயலியைப் பாருங்கள். 2016-இல் அமெரிக்காவில் அழைப்பாணை ஒன்றின் மூலம் பயனர் விவரங்கள் கேட்கப்பட்டபோது, கணக்குத் தொடங்கிய நேரம், கடைசியாக இணைந்த நாள் ஆகிய இரண்டைத் தவிர அந்நிறுவனத்தால் கொடுக்கக்கூடியது எதுவும் இருக்கவில்லை. பிறகு 2018-இல், பெரும்பாலான செய்திகளில் அனுப்புநர் யார் என்பதையே சர்வரின் பார்வையிலிருந்து மறைக்கும் வசதியையும் சேர்த்தார்கள். செயலியும் சர்வரும் ஒரே கையில் இருந்ததால்தான் இத்தகைய மாற்றத்தை எல்லோருக்குமாக ஒருங்கே கொண்டுவர முடிந்தது. சிக்னலை நிறுவிய மாக்சி மார்லின்ஸ்பைக் கூட்டிணைவுக்கு எதிராக 2016-இல் முன்வைத்த வாதத்தின் சாரமும் இதுவே: பலர் கூடி நடத்தும் நெறிமுறையால் காலத்துக்கேற்ப மாற முடிவதில்லை. அதே ஆண்டு ஏப்ரலில் வாட்ஸ்அப் தன் பயனர்கள் நூறு கோடிக்கும் மேற்பட்டோருக்கு முனைக்கு முனை மறையாக்கத்தை நடைமுறைப்படுத்தி முடித்தது. மின்னஞ்சலும் ஒரு கூட்டிணைவுதான்; அதற்கான பிஜிபி மறையாக்கம் 1991-லேயே வந்துவிட்டது. இன்றும் நமக்கு வரும் மின்னஞ்சல்களில் எத்தனை அப்படி மறையாக்கப்பட்டு வருகின்றன? எங்கள் எக்ஸ்எம்பிபி உலகத்திலும் ஓமிமோ என்ற மறையாக்க முறை 2015-இல் அறிமுகமாகி, ஒவ்வொரு செயலியாக நுழைந்து, சிலவற்றில் அரைகுறையாக நின்றுவிட்டது. ஆண்டிகள் கூடி மடம் கட்டிய கதையாக நெறிமுறைக் குழுக்களின் விவாதங்கள் நீள்வதைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவருபவன் என்பதால், இந்த வாதத்தை என்னால் எளிதில் தள்ளிவிட முடியவில்லை.

ஆனால் அதைக்கொண்டு மையப்படுத்துவதே போதும் என்று முடிவுகட்டுவதற்கும் இல்லை. வாட்ஸ்அப்பில் செய்தியின் உள்ளடக்கம் காக்கப்படுகிறது. யார் யாரோடு பேசுகிறார் என்ற விவரம் விளம்பர வணிகம் நடத்தும் தாய் நிறுவனத்தின் எல்லைக்குள்ளேயே இருக்கிறது. அதைவிடவும் பெரிய கேள்வி, சேவையை இயக்கும் பொறுப்பு யார் கையில் என்பது. 2021 அக்டோபர் 4 அன்று, பராமரிப்புப் பணியின்போது நிகழ்ந்த ஒரு பிழையால் அப்போது ஃபேஸ்புக் என்ற பெயரில் இருந்த அந்தத் தாய் நிறுவனமான மெட்டாவின் உள்வலையமைப்பு துண்டிக்கப்பட்டு, அதன் முகவரிகளே இணையத்திலிருந்து மறைந்துபோயின. ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்கு உலகெங்கும் வாட்ஸ்அப் முடங்கியது. 2025 அக்டோபர் 20 அன்று அமேசானின் மேகக் கணினிச் சேவையில் ஏற்பட்ட கோளாறு சிக்னலையும் பாதித்தது. லாப நோக்கமற்ற அறக்கட்டளையின் செயலியாக இருந்தாலும், அது நிற்பது ஒரு வணிக நிறுவனத்தின் கட்டமைப்பின் மீதுதான் என்பதைப் பலர் அன்றுதான் அறிந்துகொண்டார்கள். அன்று என் சிறிய சர்வர் எந்தத் தடங்கலும் இன்றி ஓடிக்கொண்டிருந்தது. பெருமையடித்துக்கொள்ள இதைச் சொல்லவில்லை. நான் வெளியூரில் இருந்த சமயத்தில் தொண்ணூறு நாள் பாதுகாப்புச் சான்றிதழ் புதுப்பிக்கப்படாமல் காலாவதியாகி, மற்ற சர்வர்கள் எங்களுடன் பேச மறுத்து, இரண்டு நாள் ஒருவருக்கும் வெளியிலிருந்து செய்தி வராமல் போனதும் இதே சர்வரில்தான். கூட்டிணைவு முறையில் கோளாறு இல்லாமல் போவதில்லை. ஒருவரின் கோளாறு எல்லோரையும் முடக்குவதில்லை, அவ்வளவே.

ஆக, கூட்டிணைவு தருவதாகச் சொல்வது விலகிச் செல்லும் உரிமையை. நடத்துபவர் பிடிக்கவில்லையா, வேறு சர்வருக்குப் போகலாம்; அங்கிருந்தும் அதே நண்பர்களோடு பேசலாம். அந்தரங்கம் வேறு கணக்கு: சர்வர் எவ்வளவு குறைவாக அறிந்துகொண்டு வேலையை முடிக்கிறது என்பதைப் பொறுத்தது அது. இரண்டையும் கட்டுரையாளர் ஒன்றாகக் குழைத்துவிட்டார் என்பதே என் குறை.

அந்த விலகும் உரிமையாவது முழுமையாகக் கிடைக்கிறதா என்றால், அதுவும் பாதிதான். எக்ஸ்எம்பிபி, மேட்ரிக்ஸ் இரண்டிலும் நம் முகவரியில் சர்வரின் பெயரும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சர்வரை மாற்றினால் முகவரி மாறுகிறது. செல்பேசி நிறுவனத்தை மாற்றும்போது எண்ணை உடன் எடுத்துச் செல்வதுபோல இங்கே செல்ல முடியாது. சொந்த டொமைன் (இணையப் பெயர்) வைத்திருப்பவர்கள் மட்டுமே விதிவிலக்கு, அவர்கள் எத்தனை பேர்? நான்கு ஆண்டுகளுக்கு முன் என் சர்வரின் டொமைனை மாற்ற நேர்ந்தபோது, முப்பது பேரும் தங்கள் நண்பர்களுக்குப் புதிய முகவரியைத் தனித்தனியே தெரிவிக்க வேண்டியிருந்தது. குழுக்களுக்கு மறுபடியும் அழைப்பு அனுப்பினோம். பழைய உரையாடல்கள் பழைய முகவரியோடு நின்றுபோயின. ஒரு மாதம் கழித்து எண்ணிப் பார்த்தபோது பத்தொன்பது பேர் எஞ்சியிருந்தார்கள். மற்றவர்கள், செல்பேசி எண் ஒன்றைக் கொடுத்தால் போதுமென்ற செயலிகளுக்குப் போய்விட்டார்கள். அவர்கள்மீது எனக்கு வருத்தமில்லை.

பெரிய சர்வரின் ஈர்ப்பையும் மறந்துவிடக் கூடாது. கூகுளின் அரட்டைச் சேவையான கூகுள் டாக் 2005-இல் எக்ஸ்எம்பிபி நெறிமுறையில் தொடங்கி, 2006-இல் மற்ற சர்வர்களுக்கும் கதவைத் திறந்தது. 2013-இல் அதன் இடத்தில் ஹேங்அவுட்ஸ் வந்தபோது அந்தக் கதவு சாத்தப்பட்டது. கூட்டிணைவில் பெரியவர் ஒருவர் வெளியேறினால், விலகும் உரிமையைப் பயன்படுத்தியவர் அவர்தான். தனித்து விடப்பட்டவர்கள் சிறியவர்கள். 2025 செப்டம்பரில் மேட்ரிக்ஸின் மிகப் பெரிய பொதுச் சர்வர் தரவுத்தளக் கோளாறால் நின்றபோதும், மற்ற சர்வர்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. ஆனால் புதிதாக வருபவர்கள் பலரும் குவிவது அந்த ஒரே சர்வரில்தான்.

கூட்டிணைவு எனக்குப் பொருத்தமாகத் தோன்றும் இடம் நிறுவனங்கள். பிரெஞ்சு அரசு தன் ஊழியர்களுக்காக 2019-இல் கொண்டுவந்த ட்சாப் செயலியும், ஜெர்மன் ராணுவத்தின் செயலியும் மேட்ரிக்ஸ் நெறிமுறையில் இயங்குகின்றன. அங்கே சர்வரை நடத்துபவருக்குச் சம்பளம் உண்டு, தவறினால் கேள்வி கேட்க மேலதிகாரி உண்டு. என்னைக் கேள்வி கேட்க யாரும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சந்தைச் சட்டம் வேறொரு வழியைக் காட்டுகிறது: பெரிய செய்திச் சேவைகள், கேட்டு வரும் சிறிய சேவைகளோடு மறையாக்கம் குலையாமல் இணைய வேண்டும் என்ற கடமை 2024 மார்ச் முதல் நடைமுறையில் இருக்கிறது. கதவின் சாவி பெரியவரிடமே இருக்கும் ஏற்பாடு இது என்பதால் நான் இதை முழுமனதோடு வரவேற்கவில்லை. இருந்தும், தன்னார்வலர்களின் நல்லெண்ணத்தை மட்டும் நம்பியிருப்பதைவிடத் தேவலாம்.

கட்டுரையோடு செயலிகளை ஒப்பிடும் அட்டவணை ஒன்றையும் வெளியிட்டிருந்தீர்கள். அதில் 'கூட்டிணைவு உண்டா' என்ற கட்டத்தில் உண்டு என்றிருந்தால் பச்சைக் குறியும், இல்லையென்றால் சிவப்புக் குறியும் இட்டிருந்தீர்கள். அடுத்த முறை அந்த ஒரு கட்டத்தை எடுத்துவிட்டு, 'யார் யாரோடு பேசினார் என்பதை நடத்துபவர் அறிய முடியுமா', 'விலகினால் முகவரி உடன் வருமா' என்று இரண்டு கட்டங்களாகப் பிரித்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். என் சர்வரை அந்த அட்டவணையில் சேர்த்தால் முதல் கட்டத்தில் சிவப்பு, இரண்டாவதிலும் சிவப்பு.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்