பை கட்டும் நேரம்

மஞ்சக்குப்பம், கடலூர்
புரட்டாசி மாதக் கடைசி

அன்புள்ள நண்பா,

உன் இன்லேண்ட் லெட்டர் வந்து சேர்ந்தது. மடிக்கிற ஓரத்திலும் சுற்றிச் சுற்றி எழுதி, கடைசி வரியை ஒட்டுகிற பசைக்கு அடியில் ஒளித்து வைக்கும் பழக்கம் உன்னை விட்டுப் போகவில்லை. தங்கச்சிக்கு முட்டிவலி குறைந்தது கேட்டுச் சந்தோஷம். இங்கே இவளும் நலம். காலையில் வாக்கிங் என்று தேவனாம்பட்டினம் கடற்கரைக்குக் கிளம்புகிறோம். அவள் நடக்கிறாள், நான் சுண்டல்காரர் வந்துவிட்டாரா என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

நீ கேட்டதற்கு வருகிறேன். பள்ளிக்கூடம், டியூஷன், ரேஷன் கடை, அம்மாவுக்கு ஆஸ்பத்திரி என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் முடித்தவன், இன்று முழுநாளும் கையில் இருந்தும் குளியலறைக் குழாய்க்கு ஒரு வாஷர் மாற்ற முடியாமல் மாதக்கணக்கில் இருக்கிறேனே, ஏன் என்று எழுதியிருந்தாய். செல்போனில் ஏதோ ஆப் ஏற்றிப் பட்டியல் போட்டு வைத்திருக்கிறாயாம். அது தினமும் காலையில் மணி அடிக்கிறதாம், நீ தினமும் 'நாளை' என்று தள்ளுகிறாயாம். நீ சோம்பேறி ஆகிவிட்டாய் என்று தங்கச்சி சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

எங்கள் தபால் ஆபீஸில் பை கட்டும் நேரம் என்று ஒன்று இருந்தது உனக்குத் தெரியும். வண்டி வரும் நேரத்துக்குள் கடிதங்களைப் பிரித்து, முத்திரை குத்தி, பையில் போட்டு வாயைக் கட்டி, அரக்கு வைத்தாக வேண்டும். அதற்கு அப்புறம் வந்த கடிதம் அடுத்த பைக்குத்தான். கவுன்ட்டர் மூடினாலும் அன்றைய கணக்கு நேராகாமல் எழுந்திருக்க முடியாது. வேலையில் எங்களுக்கு இருந்த சுறுசுறுப்பில் பாதி அந்த வண்டியுடையது, உன் சுறுசுறுப்பில் பாதி பள்ளிக்கூடத்துப் பியூன் அடித்த மணியுடையது. ரிட்டயர் ஆனபோது நமக்கு மாலை போட்டு அனுப்பினார்கள். வண்டியையும் மணியையும் அவர்களே வைத்துக்கொண்டார்கள்.

இதை 1955லேயே ஒரு வெள்ளைக்காரர் எழுதிவிட்டார். பார்க்கின்சன் என்று பெயர், கடற்படை வரலாறு எழுதியவர். எவ்வளவு நேரம் கொடுக்கிறோமோ அவ்வளவுக்கும் வேலை விரிந்துகொள்ளும் என்பது அவர் கட்சி. அதற்கு அவர் சொன்ன உதாரணம் தபால்காரனான எனக்குத் தேன். வேறு வேலை இல்லாத ஒரு வயதான அம்மாள் தன் உறவுப் பெண்ணுக்கு ஒரு போஸ்ட் கார்டு போடுகிறார். கார்டைத் தேட ஒரு மணி நேரம், மூக்குக் கண்ணாடியைத் தேட இன்னொரு மணி நேரம், விலாசம் தேட அரை மணி, எழுத ஒன்றேகால் மணி. அடுத்த தெருவில் இருக்கும் தபால் பெட்டிக்குக் குடை கொண்டுபோவதா வேண்டாமா என்று யோசிக்க மட்டும் இருபது நிமிடம்! சாயங்காலம் அந்த அம்மாள் அலுத்துச் சோர்ந்து உட்காருவாராம். வேலையுள்ள ஆள் அதை மூன்று நிமிடத்தில் முடித்துவிடுவான். இதை இவளுக்குப் படித்துக் காட்டினேன். 'அந்தம்மா கார்டைப் போட்டுட்டாங்க இல்ல?' என்றாள்.

செய்யாத வேலை ஏன் மண்டைக்குள் குடைந்துகொண்டே இருக்கிறது என்பதற்கும் பழைய ஆராய்ச்சி உண்டு. புளூமா ஸைகார்னிக் என்ற பெண்மணி பெர்லினில் செய்து 1927ல் வெளியிட்டது. ஆட்களைக் கூப்பிட்டுக் கணக்கு, புதிர், களிமண் பொம்மை என்று சின்னச் சின்ன வேலைகள் கொடுத்தார். பாதி வேலைகளை முடிக்க விட்டார், பாதியை நடுவிலேயே பிடுங்கிக்கொண்டார். பின்னால் கேட்டபோது, பிடுங்கப்பட்ட வேலைகள்தான் முடித்தவற்றைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு நினைவில் நின்றன. அதே மாதிரி பிறகு செய்து பார்த்த எல்லோருக்கும் அப்படி வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பிடித்தது 2011ல் அமெரிக்காவில் இரண்டு பேர் செய்த சோதனை. வேலையை முடிக்கக்கூட வேண்டாம், எப்போது எப்படிச் செய்வோம் என்று தீர்மானமாகத் திட்டம் போட்டாலே அந்தக் குடைச்சல் அடங்கிவிடுகிறது என்று கண்டார்கள். உன் ஆப்பில் 'வாஷர்' என்று மட்டும்தானே இருக்கிறது? எந்தக் கடையில், எந்தக் கிழமை, யார் மாற்றுவது என்று ஒன்றும் இல்லையே.

என்னிடம் ஆப் கிடையாது. தினசரி கிழிக்கும் காலண்டர்தான். வேலையைத் தனியாகப் பட்டியல் போடாமல், செய்யப்போகிற நாளின் தாளைத் தூக்கி அதன் ஓரத்திலேயே எழுதிவிடுவேன். 'காலை, பிளம்பருக்கு போன்', 'கரண்ட் பில், டிபன் ஆனதும்' என்கிற மாதிரி. அந்த நாள் வரும்வரை அது என் கண்ணில் படாது. இருபது வேலையும் ஒன்றாக நின்று முறைக்கவில்லை என்றாலே பாதி பயம் போய்விடுகிறது. அன்று நடக்கவில்லையா, கிழிப்பதற்கு முன் இன்னொரு தாளில் எழுதுகிறேன். ஒரே வேலையைத் திரும்பத் திரும்ப எழுதக் கை சலித்தால், அது தேவையில்லாத வேலை என்று அடித்துவிடுவேன். பரணில் கிடந்த ஓட்டை சைக்கிளை ரிப்பேர் செய்யும் திட்டம் அப்படித்தான் போனது, நிம்மதியாக இருக்கிறது.

ஆனால் காலண்டரில் ஒரு ஆபத்து உண்டு. தள்ளிப்போட நினைப்பவனுக்கு அதைவிட நல்ல துணை கிடையாது. செவ்வாய்க்கிழமை வேண்டாம், அஷ்டமி நவமி வேண்டாம், ராகு காலம் போகட்டும், கரிநாள், சந்திராஷ்டமம். ஆடியில் எதுவும் ஆரம்பிக்கக் கூடாது, மார்கழியிலும் கூடாது. வாஷர் மாற்ற யாரும் நல்ல நேரம் பார்ப்பதில்லை என்றுதான் நினைத்திருந்தேன், எங்கள் தெருவில் ஒருவர் பார்க்கிறார்.

கடலூர்க்காரனுக்கு இந்தச் சாக்கெல்லாம் ஐப்பசி வரைக்கும்தான். பை கட்டும் வண்டி என்று எனக்கு இப்போது மிச்சமிருப்பது மழை ஒன்றுதான், அது லேட்டாக வரலாம், வராமல் இருக்காது. 2011 டிசம்பர் 30 அன்று விடிகிற நேரத்தில் தானே புயல் நமக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியதே, அதற்கப்புறம் பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்ததை நீ வந்து பார்த்தாய். கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. 2024ல் பெஞ்சல். நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரியை ஒட்டிக் கரை கடந்து, அங்கே ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. எங்கள் பக்கம் மழை விட்டதே என்று மூச்சு விட்டோம். சாத்தனூர் அணையில் திறந்துவிட்ட தண்ணீர் தென்பெண்ணையில் வந்து கரையோரத்து ஊர்களுக்குள் புகுந்தது அதற்கு அப்புறம்தான். மேலே பெய்கிற மழையும் நம் கணக்கில்தான் வரும் என்று இங்கே குழந்தைக்கும் தெரியும்.

அதனால் புரட்டாசி முடிவதற்குள் மாடிக் குழாய் வாயில் அடைத்த இலையை எடுத்தாயிற்று. இன்வெர்ட்டர் பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றியாயிற்று. பத்திரம், பென்ஷன் புத்தகம், பிள்ளைகளின் சர்டிபிகேட் எல்லாம் பிளாஸ்டிக் உறையில் பரணுக்கு ஏறிவிட்டன. தென்னையில் காய்ந்த மட்டை கழிக்க மட்டும் ஆள் கிடைக்கவில்லை. மரம் ஏறுகிறவருக்கு இப்போது இருக்கும் கிராக்கி கலெக்டருக்குக்கூட இல்லை. இந்த வேலைகளில் ஒன்றைக்கூட நான் தள்ளிப்போட்டதில்லை என்று யோசித்துப் பார்க்கும்போதுதான் தெரிகிறது.

நவம்பரில் இன்னொன்று உண்டு, உயிரோடு இருக்கிறோம் என்று கையெழுத்துப் போடும் வேலை. எங்களைப் போன்ற மத்திய அரசுப் பென்ஷன்காரர்கள் அந்த மாதத்துக்குள் ஆயுள் சான்றிதழ் தராவிட்டால் டிசம்பர்ப் பென்ஷன் நின்றுவிடும். 80 வயது ஆனவர்கள் அக்டோபரிலேயே கொடுக்கலாம். இப்போது தபால்காரரே வீட்டுக்கு வந்து விரல் ரேகை வாங்கிப் பதிவு செய்கிறார், 70 ரூபாய். போன தடவை வந்த பையன் ஒரு காலத்தில் என் கையில் திட்டு வாங்கியவன். 'சார், உயிரோட இருக்கீங்கன்னு நான் சொன்னாத்தான் கவர்மென்ட் நம்பும்' என்றான்.

சரி, உண்மையில் தள்ளிக்கொண்டே வருவது எதை என்று கேட்பாய். உயில். மூத்தவனுக்கும் சின்னவளுக்கும் நான் கண் மூடிய பிறகு ஒரு வார்த்தை தடிக்கக் கூடாது. வக்கீல் நண்பர் சொன்னார், முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாளே போதும், பதிவு செய்வதும் நம் விருப்பம்தானாம். சட்டம் கேட்பது நம் கையெழுத்தும் இரண்டு சாட்சிகளும். இவ்வளவு சுலபம் என்று தெரிந்த பிறகும் பேனா எழவில்லை. மற்ற வேலையெல்லாம் சோம்பலில் நிற்கிறது, இது அப்படி இல்லை. எழுதி முடித்தால் என்னமோ கணக்கு மூடின மாதிரி இருக்குமோ என்று மனசு இழுக்கிறது. பேங்க் நாமினி வேலையை மட்டும் முடித்துவிட்டேன். 2025 நவம்பர் 1 முதல் ஒரு கணக்குக்கு நான்கு பேர் வரை போடலாம் என்றாகிவிட்டதால் அதில் சிக்கல் வரவில்லை. நீயும் போய் மாற்றிவிடு, உன் கணக்கில் இன்னும் அம்மா பெயர்தான் இருக்கும்.

உயிலுக்கு ஒரு தாளில் தேதி எழுதிவிட்டேன், கார்த்திகை இரண்டாவது ஞாயிறு. சாட்சிக்கு முதலில் உன்னைத்தான் நினைத்தேன். வக்கீல் சிரித்தார். பின்னால் கோர்ட்டில் அந்த உயிலை நிரூபிக்க வேண்டி வந்தால் சாட்சிகளில் ஒருவராவது உயிரோடு இருந்து வந்து சொன்னால்தான் சுலபமாம், என்னைவிடச் சின்ன வயசுக்காரராகப் பார்க்கச் சொல்கிறார். ஆக, நீ தேர்வாகவில்லை, மன்னித்துக்கொள். எதிர்வீட்டு டாக்டர் தம்பி ஒருவர் சரி என்றுவிட்டார். இன்னொருவர் உன் மகன். அவன் அந்த வாரம் புதுச்சேரியில்தானே இருப்பான்? சனிக்கிழமை ராத்திரியே பஸ் ஏறி இங்கே வந்து தங்கட்டும். அவனிடம் கேட்டு, வருவானா மாட்டானா என்று இந்த வாரத்துக்குள் எழுது. ஆப்பில் போட்டு வைக்காதே.

உன்,
பழைய தபால்காரன்