ரோபோவுக்குத் தோல் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

தேயிலைத் தொழிற்சாலைகளுக்கு ரோபோ கைகள் வரப்போவது பற்றி உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையைப் படித்தேன். எத்தனை பேருக்கு வேலை போகும் என்று அதில் கேட்டிருந்தீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் வேலை போகாமல், அந்த மெசினுக்குப் பக்கத்திலேயே நிற்கப்போகிறவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நான் ஹட்டன் பக்கத்தில் ஒரு தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், மெசின்களைப் பழுதுபார்க்கும் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ரோபோ என்றாலே அதன் கண்ணையும் மூளையையும் பற்றித்தான் பேசுகிறார்கள். எனக்குத் தெரிய வேண்டியது வேறு. அதன் மேல் ஆள் பட்டால் அதற்குத் தெரியுமா?

ஒரு நாள் இரவு வேலையில், கொழுந்தைத் திருகி அரைக்கும் ரோட்டர்வேன் மெசினின் வாயில் கொழுந்து அடைத்துக்கொண்டது. தள்ளிவிடலாம் என்று ஒரு பையன் கையை விட்டான். உள்ளே சுற்றும் திருகு அவன் விரல்களையும் சேர்த்து இழுத்தது. சுவிட்ச் எதிர்ச் சுவரில். நான் ஓடிப்போய் அணைப்பதற்குள் இரண்டு விரல்கள் போய்விட்டன. அத்தனை நேரமும் மோட்டாரின் சத்தத்தில் ஒரு சின்ன மாற்றமும் இல்லை. அது இன்னும் என் காதில் இருக்கிறது. எந்த விரல் போனால் எத்தனை வீத இழப்பு என்று 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தில் அட்டவணை உண்டு. அதைப் பார்த்துப் பையனுக்குக் காசு கொடுத்தார்கள். அப்புறம்தான் வாயின் மேல் கம்பி வலை வந்தது.

ஆபத்தான பாகங்களுக்கு வேலி போட வேண்டும் என்று 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டமே சொல்கிறது. சரி, புதிதாக வரும் ரோபோ கைக்கு எங்கே வேலி போடுவது? வேலி இல்லாமல் ஆளோடு ஆளாக நின்று வேலை செய்யத்தானே அதைச் செய்கிறார்கள். அப்படியானால் வேலி செய்த காவலை அதன் தோல்தான் செய்ய வேண்டும்.

இப்போது விற்கிற கைகளில் பல, மூட்டு மோட்டாரில் ஓடும் மின்னோட்டத்தையோ மூட்டில் ஏறும் முறுக்கையோ அளந்துதான் மோதலைக் கண்டுபிடிக்கின்றன. பாரம் குறைந்த கைக்கு இது போதலாம். தேயிலை மூட்டை தூக்குகிற கைக்குப் போதாது. மூட்டையின் பாரத்தோடு பார்த்தால், ஒரு விரல் நசுங்குவது அந்த மோட்டாருக்குக் கணக்கிலேயே வராது. எங்கள் ரோட்டர்வேனில் நடந்ததும் அதுதான். உடம்பு முழுவதும் தோல் மாதிரி, தொடுதலை அறியும் உணரிகளைப் போர்த்தினால் பட்டதும் தெரியும், எங்கே பட்டது என்பதும் தெரியும்.

செய்முறை விளங்காத ஒன்றல்ல. இரண்டு மெல்லிய உலோகப் படலங்கள், நடுவில் மெத்தென்ற ரப்பர். அழுத்தினால் படலங்கள் நெருங்கும், கொள்ளளவம், அதாவது அவை மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் அளவு, கூடும். அதை ஒரு சின்ன சிப் அளந்து சொல்லும். இத்தாலியில் ஜெனோவா நகரத்தில் செய்த ஐகப் என்ற குழந்தை உருவ ரோபோவுக்கு இப்படித்தான் முக்கோணத் துண்டுகளைக் கோத்துப் போர்த்தினார்கள். ஒரு துண்டில் 12 உணரிப் புள்ளிகள். ஜெர்மனியில் மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கோர்டன் செங் குழு 2019இல் காட்டிய ஆளுயர ரோபோவில் 1,260 அறுகோணத் துண்டுகள், 13,000க்கு மேற்பட்ட உணரிகள். தொடுதல், சூடு, அசைவு, பக்கத்தில் ஏதாவது வருகிறதா என்பது எல்லாமே அதற்குத் தெரியும். இவ்வளவும் ஒரே நேரத்தில் பேசினால் கணினி திணறிப்போகும் என்பதால், மாற்றம் கண்ட துண்டு மட்டும் செய்தி அனுப்புகிறது. காலையில் கொழுந்தெடுக்கப் போகும்போது இடுப்பில் கட்டிய படங்குத் துணியை மலையேறியதும் மறந்துவிடுகிறோம், அதில் எறும்பு ஏறினால் உடனே தெரிகிறதல்லவா, அதே முறை.

எனக்கு மிகவும் பிடித்தது ஜப்பானின் ரிக்கென் ஆய்வு நிறுவனம் 2009இல் செய்த ரிபா. நோயாளியைக் கட்டிலிலிருந்து தூக்கும் ரோபோ அது. தாதி அதன் கையைத் தொட்டுத் தள்ளினால், தள்ளிய பக்கம் நகரும். நம் ஸ்டோர்களுக்கு வருகிற மெசின்களில் பட்டன்களெல்லாம் இங்கிலீஷில். தொட்டுச் சொன்னால் கேட்கிற மெசின் என்றால், எழுத்துக் கூட்டத் தெரியாதவரும் அதை நிறுத்தலாம், நகர்த்தலாம். அதைத் தொடப்போகிறவர்களின் கைகளும் எப்பேர்ப்பட்ட கைகள்! வாடிய கொழுந்தை ஒரு பிடி அள்ளி இறுக்கி, விரித்ததும் உருண்டை மெல்ல அவிழ்கிறதா, துள்ளி விரிகிறதா என்று பார்த்துப் பதம் சொல்கிற கைகள்.

ரோபோ ஆளைத் தொட்டால் எவ்வளவு அழுத்தம் வரை பொறுக்கலாம் என்பதற்கு 2016இல் ஐஎஸ்ஓ என்ற சர்வதேசத் தர நிர்ணய அமைப்பின் டிஎஸ் 15066 என்ற ஆவணம் வந்தது. உடம்பின் 29 இடங்களுக்கு அதில் எண்கள் உண்டு. மைன்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான, வயதுவந்த 100 பேரிடம் எடுத்த வலி அளவுகள்தான் அந்த எண்களுக்கு அடிப்படை. அக்கறையான வேலை, மதிக்கிறேன். ஆனால் எங்கள் சல்லடை அறையில் நிற்பவர் ஐம்பது தாண்டிய, மெலிந்துபோன ஓர் அம்மா. அவர் கைக்கும் அதே எண்தானா?

இன்னொன்று, ஈரம். நனைந்த விரலால் கைபேசித் திரையைத் தொட்டால் அது குழம்புவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். கொள்ளளவம் அளக்கிற தோலுக்கும் அந்தத் தொல்லை உண்டு. தென்மேற்குப் பருவக்காற்றில் தலவாக்கலையில் மூடுபனி ஸ்டோருக்குள்ளேயே வந்துவிடும். அதோடு கறுத்து ஒட்டுகிற கொழுந்துச் சாறு, சல்லடை அறையில் பறக்கிற தேயிலைப் பஞ்சு, தினமும் தண்ணீர் அடித்துக் கழுவுவது. ஆஸ்திரியாவில் ஏர்ஸ்கின் என்று காற்று மெத்தை மாதிரி ஒரு தோல் விற்கிறார்கள். அழுத்தினால் உள்ளே காற்றழுத்தம் மாறும், மெசின் நிற்கும். தொட்ட புள்ளி துல்லியமாகத் தெரியாது, எந்த மெத்தை என்றுதான் தெரியும். நம் ஸ்டோருக்கு அது போதும், அதுதான் நிலைக்கும் என்பது ஒரு பிட்டரின் அபிப்பிராயம். எதுவானாலும் தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிறுவகமும் பேராதனைப் பொறியியல் பீடமும் சேர்ந்து இங்கே, இந்த ஈரத்தில், பரிசோதித்த பிறகு வரட்டும்.

தொழிற்சங்கத் தலைவர்கள் சம்பளப் பேச்சோடு இதையும் மேசையில் வைக்க வேண்டும். மெசின் வந்து இறங்கிய பிறகு பேசிப் பயனில்லை. விற்பவர் வந்து ஓட்டிக் காட்டும் நாளிலேயே தொழிலாளர் பிரதிநிதி ஒருவர் அங்கே நிற்க வேண்டும். பரிசோதிக்க ஆளை நிறுத்த வேண்டாம், ஈரத் துணி சுற்றிய ரப்பர்க் குழாய் போதும். நுனியில் மட்டும் தொட்டுக் காட்ட விடாதீர்கள். முழங்கை மடிப்பிலும் பின்பக்கத்திலும், இரண்டு பாகங்கள் நெருங்குகிற இடுக்கிலும் குழாயை நீட்டுங்கள். எங்கே நின்றது, எங்கே நிற்கவில்லை என்று அங்கேயே எழுதி, விற்பவரிடம் கையெழுத்து வாங்கிய பிறகு காசோலை கொடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஸ்டோர் பிட்டர்,
டிக்கோயா