ஏழு மீற்றர் நாடாவும் ஒரு மார்க்கர் முனையும்

அன்பின் ரீச்சர்,

வெள்ளவத்தையில் தரம் 10 பிள்ளைகளுக்கு மனிதக் கூர்ப்பு படிப்பிக்கப் போவதாக எழுதியிருந்தீர்கள். குரங்கு மெல்ல மெல்ல நிமிர்ந்து மனிதனாகும் அந்த வரிசைப் படத்தை மட்டும் சுவரில் ஒட்டாதீர்கள். ஒருதரம் மனதில் ஏறினால் பிறகு இறங்காது.

காலி வீதியில் ஒரு புடவைக்கடையில் ஏழு மீற்றர் பருத்தி நாடா வாங்குங்கள். இலாஸ்ரிக் வேண்டாம், இழுபட்டால் கணக்குப் பிழைக்கும். ஒரு மீற்றர் பத்து இலட்சம் வருடம், ஒரு செ.மீ. 10,000, ஒரு மி.மீ. 1,000. வகுப்பறை காணாது, விறாந்தையில் பிடியுங்கள். ஒரு நுனி இன்று. மற்ற நுனிப் பக்கம்தான் எங்கள் வழியும் சிம்பன்சியின் வழியும் பிரிந்த காலம்.

இன்றிலிருந்து அளந்து வாருங்கள். 30 செ.மீ.யில் மொரோக்கோவின் ஜெபல் இர்ஹூட், எங்கள் இனத்தின் மிகப் பழைய எச்சங்கள். 1 மீ. 80 செ.மீ.யில் ஜோர்ஜியாவின் டுமானிசியில் கிடைத்த ஆதிமனித எச்சங்கள். 3 மீ. 20 செ.மீ.யில் 1974இல் எத்தியோப்பியாவில் கிடைத்த லூசி என்ற மனித மூதாதையின் எலும்புக்கூடு. அதற்கும் 10 செ.மீ. அப்பால் கென்யாவின் லொமெக்வி கற்கருவிகள். பெரிய மூளை வருமுன்னே கருவி வந்துவிட்டதா என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஆம், வந்துவிட்டது.

நாடாவிலும் ஒரு குறை உண்டு: அதுவும் ஒற்றைக் கோடுதான். கிளைத்துப் பிறகு அழிந்துபோன மற்ற மனித இனங்களுக்காகப் பக்கவாட்டில் நூல்களைக் குண்டூசியால் குத்துங்கள். நியண்டர்தால் நூல் 4 செ.மீ.யில் முடியட்டும், இந்தோனேசியாவின் புளோரஸ் குள்ளர் நூல் 5 செ.மீ.யில்.

இனி எங்கள் ஊர். புளத்சிங்களவின் பாகியன்கல குகையில் மனிதர் வாழ்ந்த தடயம் ஏறக்குறைய 4.8 செ.மீ.யில் வருகிறது. ஐரோப்பாவில் நியண்டர்தால்கள் அப்போதும் இருந்தார்கள். இங்கேதான் நேரம் எடுங்கள். மழைக்காட்டில் இறைச்சி மர உச்சியில் ஓடித் திரிகிறது: குரங்கு, மலையணில். ஈட்டி அவ்வளவு உயரம் எட்டாது. எலும்பைச் சீவி அம்புமுனை செய்தார்கள், நகமளவு கற்சில்லுகள் உடைத்தார்கள், காட்டுக்குள் இருந்துகொண்டே கடற்சிப்பி மணிகளும் வைத்திருந்தார்கள். 3 செ.மீ.யைத் தாண்டிய சற்றுத் தூரத்தில் சைபீரியாவின் யானா ஆற்றங்கரையில், ஆர்க்டிக் குளிரில், வேறொரு கூட்டம் மாமதம் என்ற பனியுக யானைகளின் நடுவே வாழ்ந்தது. இரண்டும் ஒரே இனம். வேறுபட்டது கற்றுக்கொண்டதும் பிள்ளைக்குக் கற்றுக்கொடுத்ததும்தான்.

எப்போதாவது பழக்கத்தின் பின்னால் உடம்பும் வரும். மாடு வளர்த்த பிறகுதான் வளர்ந்தவர்களுக்கும் பால் செரிக்க வைக்கும் மரபணு மாற்றம் பரவியது. ஐரோப்பாவில் ஒன்று, கிழக்கு ஆபிரிக்காவில் வேறொன்று.

“இலங்கைக்கு அவர்கள் கப்பலிலா வந்தார்கள்?” என்று ஒரு பிள்ளை கேட்கும். பாக்கு நீரிணை மிக ஆழம் குறைந்தது. பனியுகத்தில் கடல் வற்றி, உச்சத்தில் இன்றைவிட 120 மீற்றர் வரை இறங்கியபோது அது தரை. நடந்தே வரலாம்.

கொழும்பில் இன்னொரு கேள்வியும் தப்பாது: இலங்கையின் கற்கால மனிதனான பலாங்கொடை மனிதன் தமிழனா, சிங்களவனா? வாயால் பதில் சொல்லாதீர்கள். இலங்கையின் மிகப் பழைய கல்வெட்டுகள் வரும் இடத்தை நாடாவில் குறிக்கச் சொல்லுங்கள். இன்றைய நுனியிலிருந்து இரண்டரை மி.மீ.க்குள் வந்துவிடும். ஆனால் கூரான பென்சில் கொடுங்கள். மார்க்கர் என்றால் முனையின் ஒரு புள்ளியே எல்லாவற்றையும் மூடிவிடும்.

அன்புடன்