கியூகா ஏரிக்கரையிலிருந்து ஒரு கடிதம்

பென் யான், அக்டோபர் மாதம்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வீட்டில் அனைவரும் நலம் என்று அறிந்து மகிழ்ந்தேன். கம்பம் பன்னீர்த் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகும், அறுவடை நாளில் தோட்டத்து வாசலில் வந்து நிற்கும் வியாபாரி சொல்வதே இன்னமும் விலையாக இருக்கிறது என்று மனம் நொந்து எழுதியிருந்தாய். இங்குள்ள சிறு விவசாயிகள் அந்தப் பிடியிலிருந்து எப்படி வெளியே வந்தார்கள் என்றும் கேட்டிருந்தாய். ஓய்வு பெற்று இந்த ஊரில் தங்கியது முதல் நான் அக்கம்பக்கத்தாரிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டவற்றில் பெரும்பகுதி உன் கேள்விக்கான விடைதான் என்பதால், ஊர்ச் செய்திகளையும் அதனோடு சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். நியூயார்க் மாநிலத்தின் நடுவே, பனிப்பாறைகள் தோண்டிவிட்டுப் போன பதினொரு நீளமான ஏரிகள் வடக்குத் தெற்காகக் கிடக்கின்றன. ஃபிங்கர் லேக்ஸ் என்பது அவற்றின் பொதுப்பெயர். எங்கள் கியூகா ஏரி கவை போல இரண்டாகப் பிரிந்தது. கிழக்கே அடுத்ததாக உள்ள செனிகா ஏரி 618 அடி ஆழம் கொண்டது, கடுங்குளிரிலும் முழுவதும் உறைவது மிக அரிது. கோடையில் வாங்கி வைத்த வெப்பத்தை ஏரி குளிர்காலம் முழுவதும் கரைச்சரிவுக்குச் சிறிது சிறிதாகக் கொடுக்கிறது; வசந்தத்தில் அதே நீர் குளிர்ந்து கிடந்து, கொடிகள் அவசரப்பட்டுத் தளிர்விடாமல் தடுக்கிறது. அதனால்தான் சரிவுகளில் திராட்சை நிற்கிறது, சில மைல் தள்ளிப் போனால் சோளமும் பால்பண்ணையும் மட்டுமே தெரிகின்றன. 2023 மே 18 விடியற்காலையில் விழுந்த உறைபனியில் ஏரியை விட்டுத் தள்ளி மேட்டில் இருந்த தோட்டங்களே பெரும்பாலும் கருகின. உன் கம்பம் பள்ளத்தாக்கில் கவாத்தை மாற்றி மாற்றிச் செய்து ஆண்டு முழுவதும் காய் எடுக்கிறீர்கள். இங்கே ஆண்டுக்கு ஒரே அறுவடை, அதுவும் இந்தச் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். கியூகாவின் தென்கோடியில் உள்ள ஹாம்மண்ட்ஸ்போர்ட் என்ற சிற்றூரில் 1860-இலேயே ஒயின் ஆலை தொடங்கிவிட்டது. 1880-இல் தொடங்கிய டெய்லர் நிறுவனம் வளர்ந்து, ஒரு கட்டத்தில் இந்த ஏரிகளைச் சுற்றியுள்ள நூற்றுக்கணக்கான குடும்பங்களின் திராட்சையை வாங்கும் பெரும் ஆலையாக ஆனது. கான்கார்ட், கடாபா போன்ற அமெரிக்க வகைகளைப் பயிரிட்டு, ஒப்பந்தப்படி ஆலைக்கு வண்டி ஏற்றிவிட்டால் ஆண்டு வருமானம் உறுதி என்பது இரண்டு தலைமுறைப் பழக்கம். 1977-இல் அந்த நிறுவனத்தைக் கோக்க-கோலா வாங்கியது, 1983-இல் சீகிராம் என்ற மது நிறுவனத்தின் கைக்குப் போனது, பிறகும் கைமாறியது. ஒவ்வொரு கைமாற்றத்தின்போதும் முடிவெடுப்பவர்கள் ஏரியைவிட்டுத் தொலைவுக்குப் போனார்கள். எண்பதுகளில் ஒப்பந்தங்கள் குறைக்கப்பட்டன, திராட்சை விலை சரிந்தது, பலர் கொடிகளை வேரோடு பிடுங்கினார்கள். அந்த ஆண்டுகளைப் பற்றிப் பேசும்போது முதியவர்களின் குரல் இன்றும் மாறுவதை நான் கவனித்திருக்கிறேன். ஒரே ஒருவருக்கு விற்கும் விவசாயி, அவர் நல்லவராக இருக்கும் வரைதான் நிம்மதியாகத் தூங்க முடியும் என்பது அவர்கள் கண்ணெதிரே நடந்தது.

அவர்களைக் காப்பாற்றியது, அந்த வீழ்ச்சிக்குச் சற்று முன்னரே, 1976-இல் மாநில அரசு கொண்டுவந்த பண்ணை ஒயின் ஆலைச் சட்டம். அதற்கு முன் மாநிலம் முழுவதும் ஒயின் ஆலைகள் இருபதைத் தாண்டவில்லை. தன் நிலத்தில் விளைந்ததைத் தானே ஒயினாக்கி, வாசலுக்கு வருபவரிடமும் கடைகளிடமும் உணவகங்களிடமும் நேரடியாக விற்கச் சிறு விவசாயிக்கு அந்தச் சட்டம் வழிவிட்டது. இன்று இந்த ஏரிகளைச் சுற்றி மட்டும் நூற்றுக்கு மேற்பட்ட ஆலைகள் உள்ளன. அவற்றில் பல, குடும்பம் பின்வீட்டில் குடியிருக்க முன்கூடத்தில் ருசி பார்க்கும் மேசை போட்டவை. மானியங்களையும் விழாக்களையும்விட, விற்கும் உரிமையைக் கையில் கொடுத்த அந்த ஒரு சட்டமே இந்த வட்டாரத்தை மீட்டது என்பது என் உறுதியான எண்ணம்.

சட்டம் மட்டும் போதாது, பயிரும் மாற வேண்டியிருந்தது. ஐரோப்பிய வகைத் திராட்சை இந்தக் குளிரில் பிழைக்காது என்று எல்லோரும் நம்பியிருந்த காலத்தில், உக்ரைனிலிருந்து 1951-இல் அகதியாக வந்த கான்ஸ்டன்டின் ஃபிராங்க் அதை மறுத்தார். தாவர அறிவியல் அறிஞரான அவர், இந்த மாநிலத்திலேயே உள்ள ஜெனீவா என்ற ஊரின் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் கூலி வேலை செய்தவர். கோல்டு சீல் ஆலையை நடத்திய சார்ல்ஸ் ஃபூர்னியே அவருடைய பேச்சைக் கேட்டு 1953-இல் வேலைக்கு எடுத்தார். குளிர் தாங்கும் வேர்க்கன்றில் ஒட்டுக்கட்டி, இலையுதிர்காலத்தில் ஒட்டுப்பகுதியை மண்ணால் மூடி, வசந்தத்தில் விலக்கிவிடும் முறையில் ரீஸ்லிங் என்னும் ஐரோப்பிய வகைக் கொடி இங்கே நிலைத்தது. 1962-இல் அவர் தொடங்கிய ஆலையை இன்று அவருடைய குடும்பத்தின் நான்காம் தலைமுறை நடத்துகிறது. இந்த வட்டாரத்துக்குப் பெயர் வாங்கிக் கொடுத்ததும் அதே ரீஸ்லிங்தான்.

நீ ரசிக்கக்கூடிய இன்னொரு கதையும் உண்டு. டெய்லர் நிறுவனரின் பேரன் வால்டர் டெய்லர், ஆலை தரத்தைக் குறைப்பதாக வெளிப்படையாகக் கண்டித்ததால் 1970-இல் வெளியேற்றப்பட்டார். தாத்தாவின் பழைய நிலத்தில் புல்லி ஹில் என்ற சொந்த ஆலையைத் தொடங்கினார். புதிய உரிமையாளர்கள் வழக்குப் போட்டு, அவர் தம் குடும்பப் பெயரையே புட்டியில் ஒட்டும் சீட்டில் அச்சிடக் கூடாது என்று தடை வாங்கினார்கள். அவரும் நண்பர்களும் உட்கார்ந்து, அச்சாகியிருந்த ஒவ்வொரு சீட்டிலும் அந்தப் பெயரைக் கறுப்பு மையால் அடித்தார்கள். பெயர் மறைந்த அந்தப் புட்டிகளை மக்கள் தேடி வாங்கினார்கள்.

கூட்டாக நடத்தும் முறையையும் கேட்டிருந்தாய். 1983-இல், செனிகாவுக்குக் கிழக்கே உள்ள கயூகா என்ற வேறோர் ஏரியின் கரை ஆலைகள் ஒன்றுசேர்ந்து, ஒரே வரைபடம், ஒரே சீட்டு என்று ஒரு சுற்றுப்பாதையை அமைத்தன. பிறகு செனிகாவும் கியூகாவும் அதைப் பின்பற்றின. வியாபாரம் மந்தமாகும் நவம்பர், டிசம்பர் வார இறுதிகளில், ஒரே நுழைவுச்சீட்டு வாங்கியவர் ஆலை ஆலையாகப் போய் ஒவ்வோரிடத்திலும் ஒரு சிறு பதார்த்தத்தையும் அதற்குப் பொருத்தமான ஒயினையும் சுவைக்கலாம். கூட்டம் தன் கடைக்கு மட்டும் வர வேண்டும் என்று நினைக்காமல், இந்த ஏரிக்கு வரட்டும் என்று நினைத்ததுதான் அதன் அடிப்படை. போட்டியாளரின் கொடிக்கு நோய் கண்டால் தகவல் அன்றே பக்கத்துத் தோட்டத்துக்குப் போய்விடுகிறது.

ஒயினை வைத்து மட்டும் இந்த ஊர்கள் பிழைக்கவில்லை. பென் யானின் நடுவிலேயே 1797 முதல் ஓடும் பிர்கெட் மாவாலை இருக்கிறது. பக்வீட் என்னும் தானியத்தை அரைப்பதில் பெயர்பெற்றது. 1987-இல் இருபத்தெட்டு அடி அகலத்தில் ஒரு பான்கேக் சுட்ட இரும்புத் தட்டை ஆலைச் சுவரில் இன்றும் மாட்டி வைத்திருக்கிறார்கள். 1974 முதல் பென்சில்வேனியாவிலிருந்து வந்து குடியேறிய, மென்னோனைட் என்ற கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பங்கள், மற்றவர்கள் கைவிட்ட பண்ணைகளை வாங்கி உழுதார்கள். குதிரை வண்டியில் போகும் அவர்களும் ஊராரும் சேர்ந்து 1987-இல் தொடங்கிய விண்ட்மில் சந்தை சனிக்கிழமைதோறும் கூடுகிறது. காய்கறி, ரொட்டி, தைத்த போர்வை, மரச்சாமான் எல்லாம் செய்தவர் கையாலேயே விற்கப்படுகின்றன. அந்தச் சந்தைக்கு நான் தவறாமல் போவேன்.

நேப்பிள்ஸ் என்ற சிற்றூரின் திராட்சைப் பை பற்றிச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் இதை உன் ஊரில் செய்து பார்க்கலாம் என்று நினைக்கிறேன். கான்கார்ட் பழமும் பன்னீர்த் திராட்சையைப் போலக் கறுத்தது, விதை உள்ளது. பழத்தைப் பிதுக்கினால் தோல் தனியே வந்துவிடும். சதையைக் காய்ச்சி, வடிகட்டி விதையை நீக்கி, எடுத்து வைத்த தோலை மீண்டும் சேர்த்து, சர்க்கரையோடு மாவுக்கூட்டில் ஊற்றி வேகவைக்கிறார்கள். ஆலைகள் வாங்க மறுத்த பழத்துக்கு வீட்டு அடுப்பு விலை கொடுத்தது. அறுபதுகளில் ஓரிரு சமையலறைகளில் தொடங்கியது, இன்று செப்டம்பர் இறுதித் திருவிழாவில் ஆயிரக்கணக்கில் விற்கிறது. சாலையோர வீட்டு வாசலில் மேசை போட்டு, பணம் போட ஒரு பெட்டியும் வைத்து விற்பவர்களும் உண்டு.

இவையெல்லாம் ஏரி சுத்தமாக இருக்கும் வரைதான் என்பதை இங்குள்ள கடைக்காரர்கள் நன்றாக அறிந்திருக்கிறார்கள். செனிகாவின் தென்முனையில் உள்ள பழைய உப்புச் சுரங்கக் குழிகளில் எரிவாயுவைச் சேமிக்க ஒரு டெக்சாஸ் நிறுவனம் விண்ணப்பித்தபோது, ஒயின் ஆலை உரிமையாளர்களும் விடுதி நடத்துபவர்களும் ஆசிரியர்களும் வாயிலை மறித்து நின்று நூற்றுக்கணக்கில் கைதானார்கள். 2018-இல் மாநில அரசு அனுமதி மறுத்தது. டிரெஸ்டன் ஊரில், பழைய நிலக்கரி மின்நிலையத்தில் பிட்காயின் கணினிகளை ஓட்டும் ஆலையின் காற்று மாசு அனுமதியும் 2022-இல் மறுக்கப்பட்டது. வழக்கு அதன் பிறகும் நீண்டது. வேலைவாய்ப்பு தருவதாகச் சொல்பவர்களை எதிர்ப்பது எளிதன்று, அதனால் சில நட்புகளும் முறிந்தன. ஆனால் ஏற்கெனவே இருக்கும் வேலைகள் எதன்மேல் நிற்கின்றன என்று கேட்டவர்கள் பக்கமே நியாயம் இருந்தது என்று நான் கருதுகிறேன். கோடையின் கடைசியில் நீலப்பச்சைப் பாசி படர்வது இப்போதைய பெருங்கவலை. வயல்களிலிருந்து வழியும் உரமும் அதற்கு ஒரு காரணம் என்பதால், பழியை வெளியார் மேல் போட வழியில்லை. தன்னார்வலர்கள் வாராவாரம் கரையை நடந்து பார்த்துப் பதிவு செய்கிறார்கள். என் பகுதியை நானும் பார்த்துக்கொள்கிறேன்.

அமெரிக்கச் சுதந்திர நாளான ஜூலை 4 மாலையில் கரையில் வீடு வைத்திருப்பவர்கள் எல்லோரும் நீரோரமாகச் சிவப்புத் தீவட்டி ஏற்றி வைப்பார்கள், நம் ஊர்த் திருக்கார்த்திகை போலவே இருக்கும். நீ வருவதானால் அந்த வாரத்துக்கு வா. அல்லது உனக்கு வேலை குறைவான மாதம் எதுவோ அதில் வா.

உன் ஊர்ச் சங்கத்தில் எத்தனை பேர் தாங்களே பழச்சாறோ ஜாமோ செய்து விற்க ஒத்துக்கொள்வார்கள், குளிர்பதனக் கிடங்கு கிடைக்குமா, புவிசார் குறியீட்டை அட்டையில் அச்சிடும் உரிமை யார் யாருக்கு உண்டு என்பதை விசாரித்து எழுது. சுற்றுப்பாதைச் சங்கம் உறுப்பினர்களிடம் கட்டணம் பிரிக்கும் முறையை நான் இங்கே கேட்டு, அடுத்த கடிதத்தில் விவரமாக அனுப்புகிறேன். அறுவடை முடிந்ததும் இங்குள்ளவர்களுக்கும் பேச நேரம் கிடைக்கும்.

வீட்டில் அனைவருக்கும் என் அன்பைச் சொல்.

என்றும் உன்
பழைய நண்பன்