ட்ரோலிங் மோட்டாருக்கு மேலருந்து போடுற ஸ்க்ரூ மட்டும் பத்தாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை மீன்பிடி படகுக்கு எலெக்ட்ரிக் ட்ரோலிங் மோட்டார் (மீன் பிடிக்கும்போது படக மெதுவா நகத்துற பேட்டரி மோட்டார்) வைக்கிறத பத்தி உங்க பேப்பர்ல ஒரு முழுப்பக்கம் போட்டிருந்தீங்க. எத்தன வோல்ட், எத்தன பவுண்ட் த்ரஸ்ட் (தள்ளு விசை), கால்ல ஓட்டுறதா கையில ஓட்டுறதா, ஜிபிஎஸ் வச்சு ஒரே இடத்துல நிக்குமான்னு எல்லாமே விலாவாரியா இருந்துச்சு. ஆனா அத படகுல எப்படி மாட்டணும்ங்கறதுக்கு கடைசில ஒரே ஒரு வரிதான், டெக்குல, அதாவது படகோட மேல்தளத்துல, ஸ்க்ரூ போட்டு நல்லா டைட் பண்ணிக்கங்கன்னு. அப்படியே செஞ்சு பட்டுத் தெளிஞ்சவன் நான், அதான் இத எழுதுறேன்.

என் படகு ஃபைபர் படகு, டெக்குக்கு உள்ள பிளைவுட். மோட்டார மாட்டிக் குடுத்தவரு அணியத்துல, அதாவது படகோட முன்பக்கத்துல, மோட்டார தாங்குற பிராக்கெட்ட வச்சு மேலருந்தே ஆறு ஸ்க்ரூவ முறுக்கிட்டு போயிட்டாரு, நானும் ஆட்டிப் பாத்தேன், பாறை மாதிரி நின்னுச்சு. ஒரு சீசன் முழுக்க ஒண்ணும் ஆகல. அடுத்த சீசன்ல கொஞ்சம் ஆட்டம் தெரிஞ்சுது, ஸ்க்ரூட்ரைவர் வச்சு முறுக்குனேன், முறுக்க முறுக்க அது பாட்டுக்கு சுத்துது, ஆனா பிடிக்கல. அதோட விட்டேன் பாருங்க, அது என் தப்பு. ஒரு நாள் நல்ல காத்து, தண்ணிக்கடியில கெடந்த கட்டையில மோட்டாரோட தலை, அதாவது தண்ணிக்குள்ள ப்ரொப்பல்லர்ங்குற விசிறி சுத்துற பகுதி, போய் முட்டுச்சு, பின்னாடி ரெண்டு ஸ்க்ரூ மொதல்ல பிடுங்கிக்கிட்டு வர, மத்ததும் கழண்டு பிராக்கெட் அப்படியே முன்னாடி கவுந்துருச்சு, மோட்டார் கரண்ட் வயர்ல தொங்குது. வயர் மட்டும் அறுந்திருந்தா மோட்டார் அடியில போயிருக்கும். கரைக்கு வந்து அந்த ஸ்க்ரூவ எடுத்து பாத்தா மரைக்கு நடுவுல கருப்பா நசநசன்னு ஊறுன மரத்தூள், விரல வச்சு தேச்சா சேறு மாதிரி வழியுது. ஓட்டைக்குள்ள சுண்டுவிரல் போகுது. ஸ்க்ரூ ஓட்டை வழியா இறங்குன தண்ணி பிளைவுட்ட ஒரு வருஷமா தின்னுக்கிட்டு இருந்திருக்கு, மேல பாத்தா டெக்கு பளபளன்னுதான் இருந்துச்சு!

சரி, கட்டையில முட்டுனதாலதான் பேந்துச்சு, இல்லன்னா நின்னிருக்கும்னு சிலர் சொல்றாங்க. முட்டவே வேணாங்க. 12 வோல்ட்ல 55 பவுண்ட் த்ரஸ்ட் மோட்டார எடுத்துக்கங்க, அதாவது சுமாரா 25 கிலோ தள்ளு. அந்த தள்ளு வர்ற இடம் ப்ரொப்பல்லர், அது பிராக்கெட்டுலருந்து ஒரு மீட்டர் கீழ இருக்கு. மேல முன்போல்ட்டுக்கும் பின்போல்ட்டுக்கும் இடையில 20 சென்டிமீட்டர்னு வைங்க. கடப்பாரைய வச்சு கல்ல நெம்புற அதே கணக்குதான், நீளம் அஞ்சு மடங்கு, அப்ப போல்ட்ட மேல இழுக்குற விசையும் அஞ்சு மடங்கு, 125 கிலோ கிட்ட வரும். மோட்டார பக்கவாட்டுல திருப்பி ஓட்டுனா பிராக்கெட்டோட அகலம் நீளத்துல பாதிதான், அப்ப அது இன்னும் ரெண்டு மடங்கு. இத்தனையும் மரத்துல அரை இஞ்சு கடிச்சுக்கிட்டு நிக்கிற ஸ்க்ரூ மேல, நாள் பூரா விட்டு விட்டு விழுது.

அதனால டெக்க மேலருந்து கீழ வரைக்கும் துளைச்சு போல்ட் போடுறதுதான் வழி, அடியில கைய விட்டு நட் போடணும். நட்டுக்கும் டெக்குக்கும் நடுவுல சின்ன வாஷர் பத்தாது, அது ஃபைபர கடிச்சு உள்ள இறங்கிடும், அகலமான வாஷராவது வேணும், முடிஞ்சா பிராக்கெட் அளவுக்கு 5, 6 மில்லிமீட்டர் அலுமினியத் தகடு ஒண்ண அடியில குடுத்து எல்லா போல்ட்டையும் அது வழியா கொண்டு வந்து நைலாக் நட் (உள்ள நைலான் வளையம் இருக்குற, லேசுல தளராத நட்) போடுங்க. அப்பதான் இழுவை ஒரு புள்ளியில நிக்காம டெக்கு முழுக்க பரவும். அடியில கை போகாதுன்னு சொல்லித்தான் பாதி பேரு ஸ்க்ரூவுல முடிச்சிடுறாங்க. கை போகலன்னா ஆறு இஞ்சுல ஒரு வட்டம் வெட்டி மூடி போட்டுக்கலாம், அந்த மூடி அப்பறம் வயர் பாக்கவும் உதவும். நான் அப்படித்தான் செஞ்சேன். டெக்குல வட்டம் வெட்ட மனசு வரல, ரெண்டு நாள் பென்சில்ல கோடு போட்டு போட்டு அழிச்சுக்கிட்டு இருந்தேன், அது வேற கதை.

துளைக்கிறதுக்கு முன்னாடி மோட்டார டெக்கு மேல சும்மா வச்சு, மடக்கியும் இறக்கியும் பாத்துடுங்க. இறக்கும்போது தலை படகு விளிம்புல இடிக்கக்கூடாது, தண்ணியில ப்ரொப்பல்லர் ஒரு அடியாவது முங்கி இருக்கணும், அலையில அணியம் தூக்கும்போது காத்த அடிச்சு கர்ருன்னு சத்தம் போட்டா ஷாஃப்ட் (மோட்டாரோட நீளத் தண்டு) நீளம் பத்தலன்னு அர்த்தம். அடியில வயரோ டேங்க்கோ ஓடுதான்னும் டார்ச் அடிச்சு பாத்துக்கங்க, பாக்காம ட்ரில் வச்சவங்க கதை நிறைய இருக்கு.

உள்ள மரம் இருக்குற டெக்குன்னா ஓட்டைய வேணுங்கறத விட பெருசா போட்டு, எபாக்சிய (காஞ்சா கல்லாட்டம் கெட்டியாகுற பிசின்) ஊத்தி நிரப்பி, அது காஞ்சப்பறம் அதுக்கு நடுவுல போல்ட் அளவுக்கு திரும்ப துளைக்கணும். இதுக்கு ஒரு நாள் கூட ஆகும்தான், ஆனா தண்ணி இறங்குனாலும் மரத்த தொடாது. மேல போல்ட் தலைக்கு தண்ணி இறங்காம அடைக்கிற படகு சீலண்ட் வைங்க, ஜன்னலுக்கு வைக்கிற சிலிகான் வேணாம், சீக்கிரம் பிரிஞ்சு வந்துரும், அது பட்ட இடத்துல அப்பறம் வேற எதுவும் ஒட்டவும் ஒட்டாது. இன்னொண்ணு, ஸ்டெயின்லெஸ் போல்ட்ல ஸ்டெயின்லெஸ் நைலாக் நட்ட போட்டு ட்ரில் மெஷின்ல சர்ருன்னு ஓட்டாதீங்க, சூடாகி மரையும் மரையும் பாதியில கவ்விக்கும், அப்பறம் முன்னயும் போகாது பின்னயும் வராது, அறுத்துத்தான் எடுக்கணும். மரையில கொஞ்சம் கிரீஸ் தடவி கையாலயே ஸ்பேனர் போடுங்க. அலுமினிய படகுக்காரங்க ஸ்டெயின்லெஸ் போல்ட்ட நேரா அலுமினியத்துல உக்கார வைக்காதீங்க, நடுவுல நைலான் வாஷர் குடுங்க, உப்புத்தண்ணி பட்டா ரெண்டு உலோகமும் சேந்து பேட்டரி மாதிரி வேல செஞ்சு அலுமினியம் வெள்ளையா பொரிஞ்சு அரிச்சிடும்.

எல்லாரும் மறக்குற விஷயம் ஒண்ணு இருக்கு. பிராக்கெட்டுக்கு அடி விழுறது மீன் பிடிக்கும்போது மட்டும் இல்ல. பெரிய இன்ஜின்ல வேகமா போகும்போது மடக்கி வச்ச மோட்டார் அலைக்கு அலை எம்பி எம்பி குதிக்கும், பெரிய மாடல் 40 கிலோவுக்கு மேல இருக்கும், அத்தனையும் அந்த போல்ட் மேலதான் விழுது. அதனால ஷாஃப்ட்டுக்கு குறுக்க ஒரு பெல்ட் போட்டு டெக்கோட இறுக்கி கட்டிடுங்க, தலைக்கு அடியில ரப்பர் தாங்கி குடுங்க.

பின்னாடி டிரான்சம்ல (படகோட பின்பலகையில) கிளாம்ப் போட்டு மாட்டுற சின்ன மோட்டாருக்கு இவ்வளவு பாடு இல்ல, கிளாம்புக்கு உள்ளயும் வெளியயும் பலகை வச்சு கையால இறுக்கி, கால் மணி நேரம் ஓட்டிட்டு திரும்ப ஒரு தடவ இறுக்குங்க. அதிர்வுல கண்டிப்பா கொஞ்சம் தளர்ந்திருக்கும். கூடவே ஒரு கயிறு, மோட்டார் கழண்டு விழுந்தாலும் படகோட இருக்குற மாதிரி. நான் இப்ப முன்மோட்டாருக்கும் கயிறு போட்டுத்தான் வச்சிருக்கேன், பாக்குறவங்க சிரிக்கிறாங்க, சிரிக்கட்டும்.

உங்க கட்டுரைய எழுதுனவரு மேல எனக்கு கோவம் ஒண்ணும் இல்லங்க, மோட்டார பத்தி அவருக்கு நல்லா தெரிஞ்சிருக்கு. ஆனா கூட போட்ட படம் இருக்கே, டெக்கு மேல பளபளன்னு மோட்டார், அதுல பாக்க ஒண்ணுமே இல்ல. அடுத்த வாட்டி இத பத்தி எழுதுனா டெக்குக்கு அடியில தலைய விட்டு, டார்ச் அடிச்சு, நட்டும் தகடும் தெரியுற மாதிரி ஒரு போட்டோ எடுத்து போடுங்க.

இப்படிக்கு,
உங்க வாசகர் ஒருத்தர்