நிலைப்பதிப்பிலும் பரிசோதனைக் கருவி பழையதாக இருக்கக் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீண்டகால ஆதரவுள்ள லினக்ஸ் நிலைப்பதிப்புகளைப் பற்றித் தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில் அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். அலுவலகச் சர்வர்களில் அடிக்கடி பதிப்பை மாற்றக் கூடாது, பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் ஏற்றினால் போதும் என்ற அதன் அறிவுரையில் எனக்குப் பெரும்பாலும் உடன்பாடுதான். பதினோரு ஆண்டுகளாகச் சர்வர்களோடு காலம் தள்ளுகிறவன் வேறு விதமாகச் சொல்ல வழியில்லை. ஆனால் எல்லா மென்பொருள் பேக்கேஜுகளையும் ஒரே தட்டில் வைத்துக் கட்டுரையாளர் பேசிச் சென்ற இடத்தில், ஒரு வகை மென்பொருளுக்கு மட்டும் விலக்குக் கேட்டு இதை எழுதுகிறேன். கோளாறு வந்தால் அதன் காரணத்தைக் கண்டறியத் தகவல் திரட்டும் பரிசோதனைக் கருவிகளையும், அவற்றில் குறிப்பாக எஸ்ஓஎஸ் என்ற கருவியையும் சொல்கிறேன்.

ரெட் ஹாட் நிறுவனத்தில் பிறந்து, இன்று உபுண்டு, டெபியன் முதலிய லினக்ஸ் வழங்கல்களிலும் கிடைக்கும் எஸ்ஓஎஸ், பைத்தான் மொழியில் எழுதப்பட்ட திறமூல மென்பொருள். ரூட் உரிமையோடு, அதாவது கணினியின் முழு நிர்வாக அதிகாரத்தோடு, ஒரு கட்டளை கொடுத்தால், அந்தக் கணினியின் அமைப்புக் கோப்புகள், லாக்குகள் (நிகழ்வுப் பதிவுகள்), வட்டு, நினைவகம், வலையமைப்பு பற்றிய எண்ணற்ற கட்டளைகளின் வெளியீடுகள் ஆகியவற்றைத் திரட்டி, சுருக்கிய ஒரே கோப்பாகக் கட்டித் தருகிறது. உதவிக்கு அழைத்தால் சேவைப் பொறியாளர் முதலில் கேட்பது பெரும்பாலும் அந்தக் கோப்பைத்தான். அது எதையும் பழுது பார்ப்பதில்லை. பின்னணியில் ஓடிக்கொண்டிருப்பதும் இல்லை. அலுவலகத்தின் எந்தச் சேவையும் அதை நம்பி இயங்குவதில்லை என்பதால், அதன் பதிப்பு மாறினால் தரவுத்தளமோ வலைத்தளமோ நின்றுபோகாது. பல நிரல்கள் நம்பியிருக்கும் ஒரு சி நூலகத்தைப் புதுப்பிப்பதையும் இதைப் புதுப்பிப்பதையும் ஒரே அச்சத்தோடு பார்க்கத் தேவையில்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

2022ஆம் ஆண்டின் இறுதியில், அப்போது நான் புதிதாகப் பொறுப்பேற்றிருந்த ஒரு நிறுவனத்தில் உபுண்டு 20.04 ஓடிய தரவுத்தளச் சர்வர் ஒன்று சில மணி நேரத்துக்கு ஒருமுறை மூச்சுத் திணறியது. சேவை ஒப்பந்தக்காரர் எஸ்ஓஎஸ் கோப்பைக் கேட்டார். உள் வலையமைப்பின் ஐபி முகவரிகளும் கணினிப் பெயர்களும் வெளியே போகக் கூடாது என்பது நிறுவனத்தின் விதி. அந்தச் சர்வரில் இருந்ததோ 20.04 வெளிவந்தபோது அதனுடன் வந்த 3.9 வரிசை. அது சில அமைப்புக் கோப்புகளில் உள்ள கடவுச்சொற்களை மறைக்கும். ஐபி முகவரிகளையும் கணினிப் பெயர்களையும் மறைக்கத் தெரியாது. எனவே கோப்பைப் பிரித்து, நானும் சக ஊழியர் ஒருவரும் கோப்புறைகளை ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டுக்கொண்டு, தேடி மாற்றும் கட்டளைகளை எழுதி, இரவு பதினொரு மணி வரை கையால் மறைத்தோம். மறுநாள் ஒப்பந்தக்காரரிடமிருந்து இரண்டு கேள்விகள் வந்தன. பேக்கேஜ் பட்டியலில் சில பதிப்பு எண்கள் ஏன் வினோதமாக இருக்கின்றன என்பது முதலாவது. நான்கு எண்களைப் புள்ளியிட்டு எழுதிய பதிப்பு எண்களையும் எங்கள் கட்டளை ஐபி முகவரி என்று எண்ணி மாற்றிவிட்டிருந்தது. எந்தக் கணினி எந்தக் கணினியோடு பேசுகிறது என்பதே புரியவில்லையே என்பது இரண்டாவது. ஒரே முகவரிக்கு நான் ஒரு புனைபெயரும் அவர் வேறொரு புனைபெயரும் வைத்திருந்தோம்.

நாங்கள் அந்த இரவில் செய்து கெடுத்த இந்த வேலையைத்தான் 2020இல் வெளிவந்த எஸ்ஓஎஸ் 4.0 தன் ‘கிளீன்’ வசதியால் செய்யத் தொடங்கியது. அது ஐபி முகவரிகள், கணினிப் பெயர்கள், டொமைன்கள், மேக் முகவரிகள் (வலையமைப்பு வன்பொருளின் அடையாள எண்கள்), நாமே கொடுக்கும் முக்கியச் சொற்கள் ஆகியவற்றை மாற்றி எழுதுகிறது. ஒரு முகவரிக்கு ஒருமுறை வைத்த புனைபெயரையே கோப்பு முழுவதும் பயன்படுத்துகிறது. அடுத்த முறை ஓட்டும்போதும் அதே பெயர் வரும்படி, எதை எதுவாக மாற்றியது என்ற அட்டவணையை நம் கணினியிலேயே வைத்துக்கொள்கிறது. பொறியாளர் ‘ஹோஸ்ட் 3’இல் சிக்கல் என்று சொன்னால், அது எந்த இயந்திரம் என்பதை நாம் மட்டும் அந்த அட்டவணையில் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். மாற்றப்பட்ட மேக் முகவரிகள் எல்லாம் 53, 4எஃப், 53 என்று தொடங்குவதைக் கண்டு முதலில் குழம்பினேன்; பிறகுதான் அவை எஸ், ஓ, எஸ் என்ற எழுத்துகளின் ஆஸ்கி மதிப்புகள், அதாவது கணினி அவற்றுக்கு வைத்திருக்கும் எண்கள், என்று புரிந்து தனியாகச் சிரித்துக்கொண்டேன். இந்த வசதி எல்லாவற்றையும் பிடித்துவிடும் என்று கருவியை எழுதியவர்களே உறுதி கூறவில்லை. அனுப்பும் முன் கண்ணால் ஒருமுறை பார்க்கத்தான் வேண்டும். ஆனாலும் அதற்கும் எங்கள் கைவேலைக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

என் வருத்தத்துக்குக் காரணம் வேறு. நாங்கள் அவதிப்பட்ட அந்த இரவில், 20.04க்கான 4 வரிசை ஏற்கெனவே உபுண்டுவின் அதிகாரபூர்வ மென்பொருள் களஞ்சியத்தில் கிடைத்துக்கொண்டிருந்தது. உபுண்டுவின் நிலைப்பதிப்புகளுக்குத் திருத்தங்கள் இரண்டு வழியாக வருகின்றன: பாதுகாப்புத் திருத்தங்கள் ‘செக்யூரிட்டி’ களஞ்சியத்திலும், ஏனையவை ‘அப்டேட்ஸ்’ களஞ்சியத்திலும். எஸ்ஓஎஸ் வருவது இரண்டாவது வழியில். அந்த நிறுவனத்தின் சர்வர்களில் ‘செக்யூரிட்டி’ களஞ்சியத்தை மட்டுமே திறந்து வைத்திருந்தார்கள். இத்தகைய கட்டுப்பாடு எதுவும் இல்லாத சர்வரிலும், தானாகப் புதுப்பிக்கும் ‘அன்அட்டெண்டட் அப்கிரேட்ஸ்’ அமைப்புக் கோப்பைத் திறந்து பார்த்தால் ‘அப்டேட்ஸ்’ வரியின் முன்னே இரண்டு சாய்கோடுகள் போட்டு அதைச் செயலற்றதாக வைத்திருப்பது தெரியும். அதாவது, நிர்வாகி தாமாகக் கை வைக்காத வரை இந்தக் கருவி புதுப்பிக்கப்படாது. கட்டுரையில் சொன்னபடி பாதுகாப்புத் திருத்தங்களோடு நிறுத்திக்கொள்ளும் வாசகர்கள் அனைவரும் இந்த நிலையில்தான் இருப்பார்கள்.

நிலைப்பதிப்பு என்று நாம் சொல்வதும் அப்படியே உறைந்து நிற்பதில்லை. உபுண்டு 22.04 வெளிவந்தபோது அதில் இருந்த கர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) 5.15; புதிய வன்பொருளுக்கான ஆதரவைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு அதே 22.04இல் பின்னர் 6.8 வந்தது. கண்டெய்னர்களை (ஒரே கணினிக்குள் தனித்தனியே ஓடும் மென்பொருள் அறைகளை) நிர்வகிக்கும் எல்எக்ஸ்டி, 20.04 முதல் உபுண்டுவில் ஸ்னாப் என்ற தனிப் பேக்கேஜ் வடிவில் மட்டுமே கிடைக்கிறது. ஸ்னாப்புகள் வழக்கமான அமைப்பில் தாமாகவே புதுப்பித்துக்கொள்பவை. எல்எக்ஸ்டியின் லாக்குகள் இருக்கும் இடமும் பழைய இடம் இல்லை. கண்டெய்னர் கருவிகளையும், கண்டெய்னர்களை ஒருங்கிணைத்து ஓட்டும் குபர்னெட்டீஸையும் பலர் வழங்கலின் களஞ்சியத்துக்கு வெளியிலிருந்தே எடுத்து நிறுவுகிறார்கள். எந்த மென்பொருளுக்கு எந்த இடத்தில் என்ன கோப்பைத் தேட வேண்டும் என்ற அறிவுதான் எஸ்ஓஎஸ் கருவியின் உயிர்; அது பிளக்இன் எனும் நூற்றுக்கணக்கான துணை நிரல்களாகப் பிரிந்து கிடக்கிறது. சுற்றியுள்ள யாவும் இடம் மாறிய பின்னும் அந்த அறிவை மட்டும் வெளியீட்டு நாளில் பூட்டி வைத்தால், வீடு மாறிப் போனவரின் பழைய முகவரிக்கே கடிதம் போட்டுக்கொண்டிருக்கும் கதைதான். கருவி பிழைச்செய்தி எதுவும் காட்டாமல் முடிந்துவிடும். உள்ளே இருக்க வேண்டிய லாக் மட்டும் இருக்காது. அது இல்லை என்பதே மறுமுனையில் இருப்பவர் கோப்பைத் திறந்து பார்த்த பிறகுதான் தெரியும்.

உபுண்டு இதைப் புரிந்துகொண்டு எஸ்ஓஎஸ் கருவிக்குத் தனி விலக்கு வைத்திருக்கிறது. பொதுவிதிப்படி நிலைப்பதிப்பில் ஒரு பிழையைச் சரிசெய்யும் சிறு திருத்தம்தான் அனுமதிக்கப்படும். ஆனால் ஸ்னாப்புகளை நிர்வகிக்கும் ஸ்னாப்டி, கிளவுட் சர்வர்களைத் தொடக்கத்தில் அமைக்கும் கிளவுட் இனிட் போன்ற சிலவற்றைப் போல எஸ்ஓஎஸ் கருவிக்கும் புதிய பதிப்பை முழுமையாகக் கொண்டுவரலாம். அதற்காகக் கதவு அகலத் திறந்து விடப்படவில்லை. உபுண்டுவின் பிழைப்பதிவுத் தளமான லாஞ்ச்பேடில் அதற்கான பதிவில் யாருக்கு என்ன பயன், எப்படிச் சோதிப்பது, எங்கே தவறு நேரலாம் என்று எழுதியாக வேண்டும். பேக்கேஜ் முதலில் ‘புரொப்போஸ்டு’ என்ற தனிக் களஞ்சியத்தில் குறைந்தது ஏழு நாள் இருக்கும். அங்கே அதை நிறுவி, ஓட்டிப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று ஒவ்வொரு பதிப்புக்கும் தனித்தனியே பதிவு செய்த பின்னர்தான் ‘அப்டேட்ஸ்’ களஞ்சியத்துக்கு நகரும். அங்கும் எல்லாக் கணினிகளுக்கும் ஒரே நாளில் போகாமல் படிப்படியாகவே விரியும். ரெட் ஹாட்டும் தன் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 8ஐ எஸ்ஓஎஸ் 3 வரிசையோடு தொடங்கி, பின்னர் வந்த சிறு வெளியீடுகளில் 4 வரிசைக்கு மாற்றியது.

டெபியனின் வழி வேறு. அங்கே நிலைப்பதிப்பில் புதிய பதிப்பைக் கொண்டுவருவது அரிது. முக்கியமான பிழைக்கான வரி வரியான திருத்தத்தைத்தான் வெளியீட்டுக் குழு பார்த்து ஏற்கும்; புதிய பதிப்பு வேண்டுமென்றால், புதிய பேக்கேஜுகளை நிலைப்பதிப்புக்கு ஏற்பக் கட்டி வைக்கும் பேக்போர்ட்ஸ் களஞ்சியத்தில் யாராவது போட்டிருக்க வேண்டும், நாமும் அதைக் கேட்டு வாங்க வேண்டும். டெபியன் 12 வந்தது 2023 ஜூனில், 13 வந்தது 2025 ஆகஸ்டில். இடைப்பட்ட காலம் இரண்டு ஆண்டுகளுக்கும் மேல். அந்தக் கட்டுப்பாட்டின் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. மத்திய அரசு நிறுவனமான சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் உட்பட எத்தனையோ வழங்கல்கள் டெபியன் மீது எழுந்து நிற்பதற்கு அந்தக் கண்டிப்பும் ஒரு காரணம். ஆனால் அதே டெபியன், நேர மண்டலத் தரவையும் கிளாம்ஏவி என்ற வைரஸ் தடுப்பானையும் நிலைப்பதிப்பிலும் புதுப்பித்துத் தருகிறது. ஒரு நாட்டின் அரசு கடிகாரத்தை மாற்றினாலோ, புதிய வைரஸ் கிளம்பினாலோ பழைய தரவு பயனற்றுப் போகிறது என்பது அதற்கு நியாயம். பரிசோதனைக் கருவியும் வெளியுலகை வைத்தே பயன் பெறுவது என்பதால், அதே நியாயம் இதற்கும் பொருந்தும் என்பது என் கருத்து.

இதை மறுப்பவர்கள் சொல்வதில் ஒன்றை நான் இலேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். எஸ்ஓஎஸ் ரூட் உரிமையோடு ஓடுவது. வெறுமனே பார்ப்பதாக நாம் நினைக்கும் சில கட்டளைகள் பார்க்கப்படும் கணினியையே மாற்றிவிடக்கூடும். ஐபிடேபிள்ஸ் என்ற ஃபயர்வாலின் விதிகளைப் பட்டியலிடச் சொன்னாலே, அதுவரை ஏற்றப்படாத கர்னல் மாட்யூல் ஏற்றப்படலாம். இத்தகைய கட்டளைகளை நாம் வெளிப்படையாக அனுமதித்தால் ஒழிய ஓட்டாமல் தவிர்க்கும் ஏற்பாடு புதிய பதிப்புகளில் இருக்கிறது. ஒரு பிளக்இன் மாட்டிக்கொண்டு நின்றால் 300 விநாடியில் அதைக் கைவிட்டு அடுத்ததற்குப் போகும் ஏற்பாடும் உண்டு. ஆனால் புதிய பதிப்பில் புதிதாக ஒரு கட்டளை சேர்க்கப்பட்டு, அதுவே தொல்லையாகவும் வாய்ப்பிருக்கிறது. 4 வரிசையில் கட்டளையின் பெயரே ‘எஸ்ஓஎஸ் ரிப்போர்ட்’ என்று இரு சொற்களாக மாறியது. பழைய ‘எஸ்ஓஎஸ்ரிப்போர்ட்’ பெயரையும் இணக்கத்துக்காக விட்டுவைத்தார்கள் என்றாலும், வெளியீட்டை வரி எண்ணிப் பிரித்துப் படிக்கும் ஸ்கிரிப்டுகளை எழுதி வைத்திருந்தவர்களுக்கு வேலை வந்திருக்கும். ஆகவே புதுப்பிப்பு கண்ணை மூடிக்கொண்டு நடக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. மேலே சொன்ன ஏழு நாளும் படிப்படியான விரிவும் அதற்காகத்தான் இருக்கின்றன.

தரவை மட்டும் புதுப்பிக்கும் நடுவழிக்கும் இடமுண்டு. ஸ்மார்ட்மான்டூல்ஸ் வட்டுகளின் உடல்நிலையைப் பார்க்கும் கருவி. ஒவ்வொரு வட்டு மாடலும் தன் எண்களை என்ன அலகில் தருகிறது என்ற பட்டியலை அது தனிக் கோப்பாக வைத்திருக்கிறது. கருவியைத் தொடாமல் அந்தப் பட்டியலை மட்டும் புதுப்பிக்கக் கட்டளையும் உண்டு. முன்பு ஒரு பழைய வட்டு, தான் ஓடிய நேரம் நான்கு லட்சம் மணி என்று என்னிடம் சொன்னது. கணக்கிட்டால் நாற்பத்தைந்து ஆண்டுக்கும் மேல். வட்டின் வயதோ பத்துக்கும் குறைவு. அந்த மாடல் நேரத்தை நிமிடங்களில் எண்ணுவது; பட்டியலில் அது சேர்ந்த பிறகு பார்த்தால் உண்மையில் ஓடியது ஒன்பது மாதம். எஸ்ஓஎஸ் கருவியின் அறிவு பைத்தான் நிரலிலேயே கலந்து கிடப்பதால் இந்த நடுவழி அதற்கு வாய்க்கவில்லை. பதிப்பை மாற்றியே ஆக வேண்டும்.

கட்டுரையாளரின் அறிவுரையைப் பின்பற்றும் நிர்வாகிகளிடம் நான் கேட்பது சிறியது. ‘அப்டேட்ஸ்’ களஞ்சியத்தை முழுவதும் திறக்க மனமில்லையென்றால், அதைக் களஞ்சியப் பட்டியலில் சேர்த்துவிட்டு, எஸ்ஓஎஸ் ஒன்றை மட்டும் அங்கிருந்து எடுக்கும்படி, பேக்கேஜுகளை நிறுவும் ஏபிடியின் முன்னுரிமைக் கோப்பில் சில வரிகள் எழுதினால் போதும்; கோளாறு வரும் நாளுக்குக் காத்திராமல், சர்வர் நலமாக இருக்கும்போதே மாதம் ஒருமுறை ஓட்டி, மறைக்கும் வசதி உங்கள் கணினிப் பெயர்களை உண்மையிலேயே பிடிக்கிறதா என்று பாருங்கள். உபயோகமில்லாத பழைய இயந்திரம் ஒன்று மூலையில் கிடந்தால், புதிய எஸ்ஓஎஸ் ‘புரொப்போஸ்டு’ களஞ்சியத்துக்கு வரும் வாரத்தில் அதில் நிறுவி ஓட்டிப் பார்த்து, சரியாக வந்தது அல்லது வரவில்லை என்று லாஞ்ச்பேட் பதிவில் இரண்டு வரி எழுதலாம். எந்த உபுண்டு, எந்தக் கர்னல், என்ன பிழைச்செய்தி என்பது அதில் இருக்க வேண்டும். நான் சென்ற முறை எழுதியபோது, என் இயந்திரத்தின் பெயரை மறைக்காமல் ஒட்டிவிட்டேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
லினக்ஸ் சர்வர் நிர்வாகி ஒருவர்,
மதுரை.